போக்கரில் உங்கள் ஆட்டக் கணக்கைப் படிப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் போக்கர் பழகுபவர்களில் நிறைய பேர் ரம்மியிலிருந்து வந்தவர்கள். கார்டு எண்ணத் தெரியும், எதிராளி எதைத் தேடுகிறார் என்று யூகிக்கத் தெரியும். ஆனால் திரையில் வீபிப் 38, பிஎஃப்ஆர் 9 என்று எண்கள் வந்ததும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் மூடிவிடுகிறார்கள். எனக்கும் இது புரிய நிறைய காலம் பிடித்தது. தேடினால் கிடைப்பவை எல்லாம் ஒரே மூச்சில் முப்பது எண்களைக் கொட்டுகின்றன. எதை முதலில் பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டெக்சாஸ் ஹோல்டெம் விதிகள் உங்களுக்குத் தெரியும், ஆறு பேர் உட்காரும் கேஷ் மேசையில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள எண்களைச் சொல்கிறேன். ஒன்பது பேர் மேசை என்றால் உள்ளே போகும் கைகளின் அளவு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

1. முதலில் சட்டம்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடு அதில் கிடையாது. பெரிய செயலிகள் அந்த மாதமே பண மேசைகளை மூடிவிட்டன. ஆகவே இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பிளைண்டில் ஆடுவதற்கும் இடமில்லை.

அப்படியானால் இந்தக் கட்டுரை யாருக்கு? இலவச சிப்பில் பழகுபவர்களுக்கு. தடைக்கு முன் ஆடிய கைகளின் பதிவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. பிரிட்டன் போல ஆன்லைன் போக்கருக்கு உரிமம் தரும் நாட்டில் குடியிருந்து, உரிமம் பெற்ற தளத்தில் சின்ன மேசையில் ஆடும் நம் ஊர்க்காரர்களுக்கு. சவூதி, குவைத் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் அங்கே சூதாட்டமே தடை என்பதை மறக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாத ஆன்லைன் தளத்தில் ஆடுவது குற்றம்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் 'பிரைவேட் கிளப்' ஏஜென்ட். யுபிஐயில் பணம் அனுப்பினால் சிப் தருவதாகச் சொல்வார். ஜெயித்த பிறகு அவர் காணாமல் போனால் உங்கள் கையில் ஒரு ரசீதுகூட இருக்காது. இன்னொன்று, விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்தில் நுழைவது. பணம் போடும்போது எதுவும் கேட்க மாட்டார்கள். எடுக்கும்போதுதான் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். அப்போது கணக்கு முடங்கும். இப்படி ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் மீளும் வாய்ப்பு குறைகிறது.

விட்ட பணத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கடன் வாங்க வைக்கிறது என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நேரில் போக விரும்பினால் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

2. பதிவுகளைச் சேகரியுங்கள்

ஒவ்வொரு கையிலும் யார் எந்த இருக்கையில் இருந்தார், என்ன போட்டார், என்ன கார்டு திறந்தது என்று எழுதிவைக்கும் கோப்புக்குத்தான் ஹேண்ட் ஹிஸ்டரி என்று பெயர். கணினியில் ஆடும் தளங்களில் அமைப்புகள் பகுதிக்குப் போய் அதைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். பல இடங்களில் இது தானாக இயங்காது. முதல் நாளே இயக்கிவிடுங்கள். பிறகு இயக்கினால் பழைய கைகள் கிடைக்காமல் போகலாம். கைபேசிச் செயலிகளில் பெரும்பாலும் கடைசிச் சில கைகளைத் திருப்பிப் பார்க்க மட்டுமே வழி இருக்கும். அவர்களுக்கு அடுத்த படியில் வேறு வழி சொல்கிறேன்.

பழைய பணக் கணக்கு வைத்திருந்தவர்கள் அதை நிரந்தரமாக மூடுவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை: ஹேண்ட் ஹிஸ்டரி கோப்புகள், பணம் போட்ட-எடுத்த முழுப் பட்டியல், படிவம் 16ஏ என்ற டிடிஎஸ் சான்று. இந்தச் சான்று முக்கியம். ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வெற்றிக்கு, 115பிபிஜே பிரிவின்படி 2023 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. அதன் மேல் செஸ் தனி. இணையக் கட்டணம், மென்பொருள் செலவு எதையும் அதில் கழிக்க முடியாது. சம்பளம் மட்டும் உள்ளவர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் இந்த வருமானத்தைக் காட்ட முடியாது, ஐடிஆர்-2 வேண்டும். 26ஏஎஸ் என்ற வருமான வரித் துறைப் பதிவில் டிடிஎஸ் தெரிந்து, நீங்கள் ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வர வாய்ப்புண்டு. தொகை சின்னதுதானே என்று விட வேண்டாம்.

3. மென்பொருளா, நோட்டுப் புத்தகமா

போக்கர் டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 இரண்டும் பலர் பயன்படுத்துபவை. கோப்புகளைக் கொடுத்தால் எல்லா எண்களையும் தாமே கணக்கிட்டுவிடும். இரண்டும் கணினியில்தான் ஓடும், கைபேசியில் ஓடாது. போக்கர் டிராக்கரை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆகவே நிறுவுவதற்கு அவசரப்பட வேண்டாம். முதலில் சில ஆயிரம் கைகள் சேரட்டும். அப்புறம் நிறுவினால் அந்த இரண்டு வாரமும் முழுதாகப் பயன்படும். வாங்குவதென்றால் சின்ன மேசைகளுக்கான மலிவான பதிப்பே போதும். விலை டாலரில் இருக்கும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்க வேண்டும். வங்கி அதன் மேல் தன் கட்டணத்தையும் சேர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆடும்போதே திரையில் எதிராளியின் எண்களைக் காட்டும் வசதியை எல்லாத் தளமும் அனுமதிப்பதில்லை. ஜிஜிபோக்கர் வெளி மென்பொருளை அடியோடு தடுக்கிறது. தளத்தின் விதியைப் படிக்காமல் ஓடவிட்டால் கணக்கே போய்விடும்.

கைபேசியில் இலவச சிப்பில் ஆடுபவர்களுக்கு ஒரு விரிதாள் போதும். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். நிரல்கள் இவை: தேதி, இருக்கை, என் இரண்டு கார்டு, நானாக உள்ளே போனேனா, ரெய்ஸ் செய்தேனா, ஃப்ளாப் பார்த்தேனா, ஷோடவுன் வரை போனேனா, அங்கே வென்றேனா, எத்தனை பெரிய பிளைண்ட் கூடியது அல்லது குறைந்தது. கடைசி நிரலை ரூபாயிலோ சிப்பிலோ எழுதாமல் பெரிய பிளைண்டில் எழுதுங்கள். அப்போதுதான் வேறு வேறு மேசைகளில் ஆடியதை ஒன்றாகக் கூட்ட முடியும்.

ஒரு மேசையில் மணிக்கு 60 முதல் 80 கை ஓடும். ஒவ்வொன்றையும் முழுதாக எழுதினால் ஆட்டத்தில் கவனம் போய்விடும். ஆடும்போது கார்டு வந்ததற்கு ஒரு கோடு, உள்ளே போனதற்கு இன்னொரு கோடு என்று தாளில் போடுங்கள். உள்ளே போன கைகளை மட்டும் உடனே சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, எழுந்த பிறகு விரிதாளில் ஏற்றுங்கள்.

4. முதல் இரண்டு எண்கள்: வீபிப், பிஎஃப்ஆர்

ஃப்ளாப்புக்கு முன் நீங்களாக விரும்பி சிப் போட்ட கைகளின் சதவீதம்தான் வீபிப். பிளைண்ட் கட்டியது இதில் சேராது. பெரிய பிளைண்டில் இருந்து செக் செய்ததும் சேராது. கையால் எண்ணுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிளைண்டைச் சேர்த்து எண்ணிவிட்டு, வீபிப் 45 என்று கலங்குவார்கள். பிஎஃப்ஆர் என்பது ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்த சதவீதம்.

ஆறு பேர் மேசையில் நிதானமாக ஆடுபவரின் வீபிப் 22 முதல் 27 வரையிலும், பிஎஃப்ஆர் அதைவிட நான்கைந்து குறைவாகவும் இருக்கும். வீபிப் 38, பிஎஃப்ஆர் 9 என்றால் 29 சதவீதக் கைகளில் ரெய்ஸ் செய்யாமல், வெறும் 'கால்' போட்டு, அதாவது இருக்கும் தொகையை மட்டும் ஈடுகட்டி உள்ளே போகிறீர்கள் என்று பொருள். இதுதான் பெரிய ஓட்டை.

ரம்மியிலிருந்து வந்தவர்களிடம் இது ஏன் அதிகம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாயின்ட் ரம்மியில் முதல் டிராப்புக்கே 20 பாயின்ட் போகும், நடுவில் டிராப் செய்தால் 40. கார்டைக் கீழே வைப்பதே நஷ்டம் என்று கை பழகிவிடுகிறது. போக்கரில் பிளைண்ட் இருக்கைகளைத் தவிர மற்ற நான்கு இருக்கையிலும் ஃபோல்ட் செய்ய ஒரு சிப்கூட ஆகாது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தாலே வீபிப் தானாக இறங்கும்.

"எனக்கு மட்டும் கார்டே வர மாட்டேங்குதுண்ணா" என்று தம்பிகள் சொல்வதுண்டு. ஜோடி வர வாய்ப்பு 17-க்கு ஒன்று. இரண்டு ஏஸ் வர 221-க்கு ஒன்று. மூன்று மணி நேரம் ஆடினால் ஏஸ் ஜோடி ஒரு தடவை வருவதே சராசரி. காத்திருப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

திருத்தும் வழி எளிது. ஒரு வாரத்துக்கு ஒரே விதி: முதல் ஆளாக உள்ளே போவதென்றால் ரெய்ஸ் செய்து மட்டுமே போவது, இல்லையென்றால் ஃபோல்ட். ராஜாவும் 9-உம் வேறு வேறு சூட்டில், ராணியும் 8-உம் என்று 'படம் இருக்கிறதே' என்பதற்காகப் பிடித்துவைத்த கைகள் எல்லாம் தாமாகவே கழிந்துவிடும்.

5. இருக்கை வாரியாகப் பிரியுங்கள்

மொத்த வீபிப் 25 என்று அழகாகத் தெரியும். ஆனால் எல்லா இருக்கையிலும் 25 என்றால் ஆட்டம் சரியில்லை. முதலில் பேசும் இருக்கையில் 15 சதவீதம் அளவுக்கே கைகளைத் திறக்க வேண்டும். கடைசியில் பேசும் பட்டனில் 40 வரை போகலாம். எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவது அவ்வளவு பெரிய அனுகூலம். விரிதாளில் இருக்கை நிரலை வடிகட்டிப் பார்த்தால் இது ஐந்து நிமிட வேலை.

இங்கே ஒரு பொறி. பிளைண்ட் இருக்கைகளில் உங்கள் கணக்கு நிச்சயம் சிவப்பாக இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து, போட்டதைக் காப்பாற்றுவதாக நினைத்து எந்தக் கையிலும் ஃபோல்ட் செய்யாமல் இன்னும் அதிகம் விடுகிறார்கள். கணக்கை யோசியுங்கள். பெரிய பிளைண்டில் எல்லாக் கையையும் ஃபோல்ட் செய்தால் 100 கைக்கு 100 பெரிய பிளைண்ட் போகும். சின்ன பிளைண்டில் 50 போகும். நல்ல ஆட்டக்காரரும் அங்கே நஷ்டத்தில்தான் இருப்பார்; அந்த 100-ஐ 40-க்குக் குறைப்பதுதான் அவருடைய திறமை. ஆகவே பெரிய பிளைண்டில் 100 கைக்கு 40 குறைகிறது என்றால் கவலைப்பட வேண்டாம். பட்டனில் குறைகிறது என்றால்தான், அதுவும் நிறைய கைகளுக்குப் பிறகும் குறைகிறது என்றால்தான், உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

6. ஷோடவுன் எண்கள்

ஃப்ளாப் பார்த்த கைகளில் எத்தனை சதவீதம் கார்டைத் திறக்கும் வரை போனீர்கள்? அப்படிப் போனவற்றில் எத்தனை வென்றீர்கள்? இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும், தனியாகப் படித்தால் ஏமாற்றும்.

முதலாவது 25 முதல் 30-க்குள், இரண்டாவது 50-க்குச் சற்று மேல் என்றால் பரவாயில்லை. 36 போய் 44 வென்றால், தோற்கிறோம் என்று தெரிந்தே 'என்னதான் வைத்திருக்கிறார், பார்த்துவிடலாம்' என்று கால் போடுகிறீர்கள். 20 மட்டும் போய் 62 வென்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்; வெல்லக்கூடிய பல கைகளை மற்றவர் மிரட்டலுக்குப் பயந்து கீழே வைத்திருக்கிறீர்கள்.

கடைசிக் கார்டில் கால் போடுவதற்கு முன் இந்தக் கணக்கு உதவும். மேசை நடுவில் சேர்ந்திருக்கும் சிப்பில் பாதி அளவு எதிராளி போட்டால், நான்கில் ஒரு தடவை வென்றாலே உங்களுக்கு நஷ்டமில்லை. முழு அளவு போட்டால் மூன்றில் ஒரு தடவை வெல்ல வேண்டும். விரிதாளில் கடைசிக் கார்டில் கால் போட்ட கைகளை மட்டும் தனியே எடுத்து, எத்தனையில் வென்றீர்கள் என்று எண்ணுங்கள். சின்ன மேசைகளில் கடைசிக் கார்டில் பெரிதாக ரெய்ஸ் செய்பவர் பெரும்பாலும் உண்மையாகவே நல்ல கையோடுதான் இருக்கிறார் என்பது உங்கள் கணக்கிலேயே தெரியவரும்.

7. எத்தனை கைக்குப் பிறகு எந்த எண்ணை நம்பலாம்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

உங்கள் உண்மையான வீபிப் 25 என்று வைப்போம். 100 கையில் அது 17 என்றும் தெரியலாம், 33 என்றும் தெரியலாம். வெறும் தற்செயல். 1000 கையில் அந்த இடைவெளி 22-க்கும் 28-க்கும் நடுவில் சுருங்கும். ஆகவே வீபிப், பிஎஃப்ஆர் இரண்டையும் 1000 கையிலிருந்து நம்பலாம். ஷோடவுன் எண்கள் அப்படியல்ல. ஃப்ளாப் பார்த்த கைகளில் மட்டுமே அவை கணக்காகும். நீங்கள் ரெய்ஸ் செய்த பிறகு இன்னொருவர் மறு ரெய்ஸ் செய்தால் எத்தனை தடவை ஃபோல்ட் செய்கிறீர்கள் என்ற எண், 1000 கையில் இருபது சந்தர்ப்பம் வந்தாலே அதிகம். இருபதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சதவீதத்தின் பக்கத்தில் சந்தர்ப்பங்களின் எண்ணிக்கையையும் எப்போதும் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட மெதுவாகத் தெளிவது லாப நஷ்டம். ஆறு பேர் மேசையில் 100 கைக்கான ஏற்ற இறக்கம் சுமார் 90 பெரிய பிளைண்ட். அதை வைத்துக் கணக்கிட்டால் 10,000 கைக்குப் பிறகும் 100 கைக்கான உங்கள் சராசரி லாப நஷ்டத்தில் இருபக்கமும் 18 பெரிய பிளைண்ட் வரை பிசகு இருக்கலாம். அதாவது 100 கைக்கு 3 லாபம் என்று தெரிந்தால், உண்மை 15 நஷ்டமாகவும் இருக்கலாம், 21 லாபமாகவும் இருக்கலாம். 1,00,000 கையிலும் பிசகு 5-க்கு மேல். தினம் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் ஆடுபவருக்கு 10,000 கை சேரவே ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். எனவே ஒரு வாரம் ஜெயித்ததை வைத்துப் பெரிய மேசைக்குத் தாவ வேண்டாம். ஒரு வாரம் தோற்றதை வைத்து ஆட்டத்தை மாற்றவும் வேண்டாம். முடிவைவிட முடிவெடுத்த விதத்தைத்தான் இந்த எண்கள் விரைவாகக் காட்டும்.

உரிமம் உள்ள நாடுகளில் ஆடுபவர்களுக்கு: தளம் பிடிக்கும் ரேக், பெரும்பாலும் நடுவில் சேர்ந்ததில் 5 சதவீதம் அளவு, ஓர் உச்சவரம்போடு. மேசை சிறியதாக ஆக, பிளைண்டைப் பார்க்க இது பெரிய பங்கு. மென்பொருளில் ரேக் என்ற நிரலைத் திறந்து பாருங்கள். ரேக் போவதற்கு முன் லாபமும் போன பிறகு நஷ்டமும் காட்டினால், சின்னச் சின்னதாக நிறைய கைகளில் கலந்துகொள்வதுதான் காரணமாக இருக்கும்.

8. நேரம் வாரியாகப் பாருங்கள்

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் படி மிகவும் பயன்படும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளில் வேலை முடித்து வந்து உட்காருபவர்கள், சிஎம்சியில் இரவுப் பணி பார்ப்பவர்கள், விஐடி விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் முதல் மணி நேரத்து வீபிப்பையும் மூன்றாம் மணி நேரத்து வீபிப்பையும் தனித்தனியே கணக்கிடுங்கள். 24-இல் தொடங்கியது 34-இல் முடிந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது புதிய உத்தி இல்லை, கடிகாரம். அதே போல ஒரு பெரிய கையைத் தோற்ற பிறகு வந்த அடுத்த 30 கைகளையும் தனியே பாருங்கள். பலருக்கு அங்கேதான் மாதக் கணக்கே கவிழ்கிறது.

கத்திரி வெயில் நாட்களில் மின்சாரம் போய் வைஃபை நின்றால் நடுவில் இருக்கும் கை ஃபோல்ட் ஆகிவிடும். அந்தக் கைகளைத் தாளில் குறித்துவைத்து, கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

9. வாரம் ஒரு மணி நேரம்

ஆடும் நாளில் எண்களைப் பார்க்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஆட்டம் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். முதலில் வீபிப், பிஎஃப்ஆர் பாருங்கள். அவை சரியென்றால் இருக்கை வாரிப் பட்டியல். அதுவும் சரியென்றால் ஷோடவுன். எது முதலில் இடறுகிறதோ அதோடு நிறுத்தி, அதைச் சார்ந்த பத்துக் கைகளை மட்டும் திறந்து ஒவ்வொன்றிலும் 'இந்த இடத்தில் ஏன் உள்ளே போனேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். தோற்ற கைகளை மட்டும் எடுக்காதீர்கள். தப்பாக ஆடி ஜெயித்த கைகளும் அதில் வர வேண்டும். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

10. இலவச மேசைக்கு வேறு அளவுகோல்

மேலே சொன்ன அளவுகள் பண மேசைகளுக்குப் பொருந்துபவை. இலவச சிப் மேசையில் பாதிக்கு மேற்பட்ட கைகளில் உள்ளே வருபவர்கள் சாதாரணம். அவர்களை மிரட்டி ஃபோல்ட் செய்ய வைக்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு இழப்பு என்று ஒன்றில்லை. ஆகவே அங்கே பிளஃபைக் குறைத்து, நல்ல கை வந்தால் பெரிதாகப் போடுங்கள். சின்ன ஜோடியை மலிவாக ஃப்ளாப் பார்க்க வைத்திருக்கலாம். மூன்று ஒரே கார்டாக மாற எட்டில் ஒரு வாய்ப்பு, மாறாவிட்டால் விட்டுவிடலாம்.

உங்கள் சொந்த எண்களைத் திருத்திப் பழக இந்த மேசை போதும். மறு ரெய்ஸுக்கு மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படிக்க மட்டும் இதை நம்ப வேண்டாம். அதற்குத் தெரிந்த நண்பர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து, பணம் இல்லாமல், ஆளுக்கு 100 பெரிய பிளைண்ட் சிப் கொடுத்து, தீர்ந்தால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும் என்ற விதியோடு தனி மேசை போடுங்கள். எழுந்து போக வேண்டும் என்ற பயம் இருந்தாலே ஆட்டம் உண்மைக்கு அருகில் வந்துவிடும். வாரக் கடைசியில் எல்லோரும் விரிதாளைப் பகிர்ந்து ஒருவர் கையை மற்றவர் பார்த்துச் சொல்லவும் முடியும்.